மூன்றாவது சேலா

அறைக்குள் சாம்பல் வெளிச்சம். உள்ளங்கை ரேகை கண்ணுக்குத் தெரிந்தால் வேதப் புத்தகத்தைத் திறக்கலாம் என்று நானே ஒரு விதி வைத்திருந்தேன். அன்று ரேகை தெரிந்தது. ஜன்னல் என்ற பெயரில் சுவரில் விட்டிருந்த ஓட்டையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, மூன்றாம் சங்கீதத்தை உரக்கப் படிக்க ஆரம்பித்தேன்.

பைபிளில் சங்கீதங்கள் என்ற பாட்டுகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். சில வரிகளின் முடிவில் 'சேலா' என்று ஒரு சொல் அடைப்புக்குறிக்குள் தனியாக நிற்கும். முன்னால் உள்ளதோடும் ஒட்டாது, பின்னால் வருவதோடும் ஒட்டாது. இங்கே சற்று நில் என்பதற்கான அடையாளம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அதையும் உரக்கச் சொல்லி, மனசுக்குள் பத்து எண்ணும்வரை நிற்பேன். அதற்கு முன் படித்த வரியை அந்தப் பத்துக்குள் அசைபோடுவேன். என் காலைத் தியானம் அவ்வளவுதான்.

மூன்றாம் சங்கீதத்தில் அந்தச் சொல் மூன்று இடங்களில் வருகிறது. முதலாவதற்குப் பத்து எண்ணினேன். இரண்டாவதற்கும் எண்ணினேன். எதிரிகள் சூழ்ந்திருக்கும்போதும் ஒருவன் படுத்து, தூங்கி, பத்திரமாக எழுந்திருக்கிறான் என்ற இடத்தைத் தாண்டினேன். கடைசி வரியின் முடிவில் மூன்றாவது.

"சேலா."

ஏழு எண்ணியிருப்பேன். மண் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் சொன்னது:

"இந்தா வாரேன்."

அவசரமே இல்லாத குரல். கைவேலையாக இருக்கும் ஒருத்தி, வீட்டார் கூப்பிட்டதற்குச் சொல்லும் பதில் மாதிரி.

பழக்கதோஷம், மீதி மூன்றையும் எண்ணி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஓட்டை வழியாகப் பார்த்தால் காய்ந்த பருத்திச் செடிகளை அடுக்கிய பருத்திமார் வேலி, அதற்கப்பால் பாழாய்க் கிடந்த கிணறு, அதற்கும் அப்பால் மார்கழிப் பனியில் வானம் எங்கே நிலம் எங்கே என்று தெரியாத வெளி. மனித வாடையே இல்லை.

ஒரு சொல்லுக்கு வந்த சண்டை

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் பயிற்சி விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதப்போக, மூன்று பேர் கோபித்துக்கொண்டு கடிதம் போட்டிருக்கிறார்கள். இந்த வாரம் சாப்பாட்டைத் தொடப்போவதில்லை. ஆனால் அதே விடுதியில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் இந்தக் கதை நடந்திருக்காது.

மதுரையில் ஆசிரியர் பயிற்சி முடிக்கும் தறுவாயில் இருந்தோம். யுத்தம் தொடங்கியிருந்தது, ஆனால் எங்கள் பக்கம் இன்னும் பத்திரிகைச் செய்தியாகத்தான் இருந்தது. என் அறையில் ஆபிரகாம் என்று ஒருவன். வாடிப்பட்டிக்காரன், நல்ல குரல், சோம்பேறி. அவன் சங்கீதம் படித்தால் சேலாவை விழுங்கிவிட்டுப் போய்விடுவான்.

"ஏண்டா அதை விட்டுட்ட?"

"மாப்ள, அது படிக்கிற சொல்லு இல்ல. பாடுறவனுக்குப் போட்ட குறி. நாடகப் புத்தகத்துல 'அழுதுகொண்டே' அப்படின்னு போட்டிருந்தா அதையும் சேத்தா சொல்லுவ?"

"எழுதியிருக்குல்ல?"

"எழுதியிருக்கு. அச்சுக்கூடத்துக்காரன் பேருங்கூடத்தேன் எழுதியிருக்கு. அதையும் படி, நல்லாருக்கும்."

எனக்கு இருபது வயது. வேதத்தில் ஒரு புள்ளிகூடக் கீழே விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் கொடுக்கப்பட்டிருப்பதாக ஒரு நினைப்பு. கடைசி நாளன்று போதகர் ஐயா எங்களை உட்கார வைத்து, வாழ்நாள் முழுக்கக் கைவிடாமல் செய்யப்போகிற ஒரு காரியத்தை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என்றார். ஒருவன் வெற்றிலையை விட்டான். ஆபிரகாம் வீட்டுக்கு வாராவாரம் கடிதம் எழுதுவதாகச் சொன்னான். நான் எழுந்து நின்று, "தினம் ஒரு சங்கீதம், உரக்க, ஒரு சொல் விடாமல்" என்றேன்.

போதகர் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒரு சொல் விடாமலா, ஞானமுத்து?" என்று கேட்டார். பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து எனக்கு வேலை போட்டார்கள். பேரையூரிலிருந்து மேற்கே நாலு மைல் நடக்க வேண்டும். கரிசல் காடு. மிஷன் பள்ளிக்கூடம் என்றால் நீளமான ஒரு மண் கட்டடம், மேலே பனையோலை. அதன் ஒரு கோடியைத் தட்டியால் மறைத்து வாத்தியாருக்கு அறை. ஊரிலிருந்து அரை பர்லாங்கு தள்ளி, தனியாக நின்றது. ஊர்க்காரர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, இருந்தும் பள்ளிக்கூடத்துக்கு இடத்தைச் சும்மாவே கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டபோது உள்ளம் குளிர்ந்தது. அந்தத் தாராளத்தின் காரணத்தை நான் விசாரிக்கவில்லை.

போய்ச் சேர்ந்த மறுநாளே முதல் சங்கீதம். ஒரு நாளுக்கு ஒன்று, வரிசையாக.

முப்பத்திரண்டாம் நாள்

மூன்றாம் நாள் காலையில் கேட்ட குரலை அன்று மத்தியானத்துக்குள் விளக்கிவிட்டேன். வரப்பில் போன யாரோ, யாருக்கோ சொன்ன பதில். காலைப் பனியில் சத்தம் கிட்டத்தில் கேட்கும்.

ஆனாலும் நாலாம் நாள் சேலா வந்தபோது பிடரி மயிர் நின்றது. அந்தச் சங்கீதத்தில் இரண்டு சேலா. இரண்டுக்கும் நின்றேன். எங்கோ ஒரு கரிச்சான் குருவி கத்தியது, வேறு ஒன்றும் இல்லை. ஏழாம் நாள் இல்லை. ஒன்பதாம் நாள் இல்லை. இருபது, இருபத்தொன்று, இருபத்துநாலு, எதிலும் இல்லை. ஆபிரகாமுக்கு ஒரு கார்டு எழுதினேன். அவன் பதில் கார்டு போட்டான்: "மாப்ள, சுவருக்கு அந்தப் பக்கம் பெண் குரல் கேட்கும் வயதுதான் உனக்கு. வீட்டில் சொல்லிப் பெண் பார்க்கச் சொல்."

தை பிறந்து கடைசி வாரத்துக்கு வந்துவிட்டது. முப்பத்திரண்டாம் சங்கீதம் தன் குற்றத்தை மறைத்தவனைப் பற்றியது. வாயை மூடிக்கொண்டிருந்தவரை அவன் எலும்பு உலர்ந்தது. ஒப்புக்கொண்டதும் பாரம் இறங்கியது. எனக்கு மறைக்க ஒன்றும் இல்லையே என்று கொஞ்சம் கர்வத்தோடு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சேலா, அடுத்த சேலா, மூன்றாவது சேலா.

"இந்தா வாரேன்."

அதே குரல். இந்த முறை அதில் கொஞ்சம் அவசரம் இருந்தது. கூப்பிட்டவர் காத்திருந்து சலித்துவிடப்போகிறாரே என்பதுபோல.

எழுந்து பார்த்திருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன். அந்தச் சங்கீதத்தில் அதற்குப் பிறகும் நாலு வசனங்கள் இருக்கின்றன. என் வாய் அவற்றைப் படித்தது; என் காதில் அது விழவில்லை. சுவர் மண்ணின் ஈர வாசனை மட்டும் மூக்கில் ஏறி நின்றது.

பயப்படாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் பயந்துபோய் உட்கார்ந்திருந்த வெட்கத்தை யாரிடம் சொல்வது? ஒருவேளை கர்த்தர் என் விசுவாசத்தை மெச்சி ஒரு தூதனை அனுப்பியிருப்பாரோ என்றுகூட ஒரு நாள் முழுக்க நினைத்துப் பார்த்தேன். பேரையூர்ப் பேச்சில் "இந்தா வாரேன்" என்று சொல்லும் தூதன். நினைக்கும்போதே நம்பிக்கை விட்டுப்போயிற்று.

சாமுவேல் செய்த தப்பு

பத்து நாள் கழித்து வகுப்பில் வேதத்தில் வரும் சாமுவேலின் கதையைச் சொன்னேன். தேவாலயத்தில் படுத்திருக்கும் சிறு பிள்ளை. யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். உடனே எழுந்து கிழட்டு ஆசாரியரிடம் ஓடி, இதோ வந்துவிட்டேன் என்கிறான். அவரோ நான் கூப்பிடவில்லையே என்கிறார்.

பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சி என்று ஒரு பெண், வகுப்பிலேயே துடுக்கானவள், எழுந்து நின்றாள்.

"மொதக் கூப்பாட்டுக்கே போயிட்டானா, வாத்தியாரய்யா?"

"ஆமாம். கீழ்ப்படிதலுள்ள பிள்ளை."

"அவுக ஆத்தா ஒண்ணுஞ் சொல்லிக் குடுக்கலையா?"

"என்ன சொல்லிக் கொடுக்கணும்?"

"கருக்கல்ல ஆராச்சும் பேரச் சொல்லிக் கூப்புட்டா ஒடனே ஏன்னு கேக்கக் கூடாதுல்ல. அதுக ரெண்டு தரந்தேன் கூப்புடும். மூணாந்தரம் கூப்புட வராது. மூணாந்தரம் கூப்புட்டா அது மனுசருதேன். அப்பப் பதில் சொல்லலாம்."

"அதுக என்றால் எதுக?"

பேச்சி சுவர்ப் பக்கம் பார்த்தாள். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் கிணறு. பிறகு தன் சிலேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பின்வரிசையில் யாரோ, "கிறுக்குப் பய சாமுவேலு" என்று முணுமுணுத்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த 'மூணாந்தரம்' என் மண்டைக்குள் போய் உட்கார்ந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் சங்கீதங்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு தாளில் குறித்தேன். நாலாம் சங்கீதம், இரண்டு. ஏழாம் சங்கீதம், ஒன்று. ஒன்பதாம் சங்கீதம், இரண்டு. அப்படியே முடிந்தவை எல்லாவற்றையும் பார்த்தேன். இதுவரை படித்ததில் மூன்று முறை வருவது இரண்டே இடத்தில்தான்: மூன்றிலும் முப்பத்திரண்டிலும்.

ஆக, வெளியே நின்ற குரல் என் சேலாக்களை எண்ணியிருக்கிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மூன்றாவதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறது. அது பேய் இல்லை. பேய்க்குப் பயந்த ஒரு மனுஷி. என் சேலா அவள் காதில் அவள் பெயர் மாதிரி விழுந்திருக்கிறது. தெரியாமலே அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

பயம் போயிற்று என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பயத்தோடுதான் இனி வரும் சங்கீதங்களையும் புரட்டிக் குறித்தேன். தாளில் அடுத்ததாக மூன்று சேலா இருந்த இடம் நாற்பத்தாறாம் சங்கீதம். நாலு நாள் இருந்தது.

கிணற்றுக் கல்லில்

அன்று படிக்காமல் விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. போதகர் ஐயா முன்னால் செய்த பொருத்தனை ஒரு பக்கம். யார் என்று பார்த்துவிட வேண்டும் என்ற துடிப்பு இன்னொரு பக்கம். எது பெரிது என்று இன்றைக்கும் சத்தியம் பண்ண மாட்டேன்.

கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு, நிலையில் சாய்ந்து நின்று படித்தேன். பூமி இடம் பெயர்ந்தாலும், மலை கடலில் சரிந்தாலும் பயமில்லை என்று பேசும் சங்கீதம். முதல் சேலாவுக்கு வெளியே ஒன்றும் இல்லை. இரண்டாவதற்கு வேலிப் பக்கம் பருத்திமார் சரசரத்தது. கடைசி வரியைப் படித்து, சொல்லைச் சொன்னேன்.

"இந்தா வாரேன். வந்துட்டேன்."

கதவைத் தள்ளினேன். ஒரு இளம்பெண். என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைக் கிணறு அது. இரண்டு கல்தூண்களுக்கு நடுவே துருத்திக்கொண்டிருக்கும் பலகைக் கல்லின்மேல் அவள் நின்றாள். அவள் பதில் சொன்னது எனக்கு இல்லை. கிணற்றுக்கு. முடியை அள்ளிச் செருகி, சேலை முந்தியை இடுப்பில் இழுத்துக் கட்டியிருந்தாள், வெளியூர் கிளம்புகிறவள் மாதிரி. ஒரு காலைக் கல்லைவிட்டு எடுத்துவிட்டாள்.

அவள் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்கக் கூடாது.

"ஏம்மா, நில்லுங்க."

கால் அந்தரத்திலேயே நின்றது. திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களா?" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் இருந்த ஏமாற்றத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. இறங்கி, வேலியைத் தாண்டி, ஊரைப் பார்த்து நடந்து போனாள்.

மாயாண்டி அண்ணே

மத்தியானம் பிள்ளைகள் கஞ்சிக்குப் போயிருந்த நேரத்தில் ஓர் ஆள் வந்தார். கையில் பருத்திமார் வெட்டும் அரிவாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் மாயாண்டி. காலையில நீரு பாத்தது என் தங்கச்சி, செல்லாயி. அவளுக்கும் உமக்கும் என்ன?"

"அண்ணே, அவங்களை நான் பார்த்ததே இன்றைக்குத்தான்."

"பாக்காமத்தேன் ஒண்ணரை மாசமா விடியக்காலம் அவ பேரச் சொல்லிக் கூப்புடுறீரா?"

"நான் அவங்க பேரைச் சொல்லவே இல்லை. வேதத்தில் ஒரு சொல். சேலா."

அவர் முகம் மாறியது. "இன்னொரு தரம் சொல்லாதீரும்" என்றார் மெதுவாக.

பிறகுதான் உட்கார்ந்தார். அரிவாளைத் தரையில் வைத்தார். அவர் சொன்னது இதுதான். அந்தக் கிணறும் பள்ளிக்கூடம் நிற்கிற இடமும் செல்லாயியின் புருஷனுடையவை. மூன்று வருஷத்துக்கு முன்னால், கமலை ஓட்டிக்கொண்டிருந்தபோது கிணற்றுக்கரை சரிந்து, மாட்டோடு அவர் உள்ளே போனார். அந்த மனுஷனுக்கு நாக்குக் கொஞ்சம் தடிப்பு. செல்லா என்று சொல்ல வராது.

"ஊரே செல்லாங்கும். அவரு மட்டும் சேலா, சேலாம்பாரு. கட்டுன பொண்டாட்டியப் பேரச் சொல்லி, அதுலயும் திக்கிக் கூப்புடுறாம்னு நாங்களே கேலி பண்ணுவோம். பள்ளிக்கூடத்துக்கு இந்த எடத்த ஏன் சும்மா குடுத்தோம்னு நெனச்சீரு? இங்க ஆரும் வெதைக்க மாட்டாக."

"அண்ணே, இன்றைக்குச் சாயங்காலம் வந்து நானே அவங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்."

"சொல்லும். அவ கால எடுத்துட்டா வாத்தியாரே. எனக்கு இருக்கிறது ஒரு தங்கச்சி."

எழுந்து போகும்போது, "எதுக்கு அதச் சத்தம் போட்டுப் படிக்கணும்? உம்ம சாமிக்குக் காது கேக்காதா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சாயங்காலம் யார்?

பொழுது சாய்வதற்கு முன்னால் போனேன். மாயாண்டியின் வீட்டு முற்றத்தில் செல்லாயி பருத்தியில் தூசி எடுத்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை விரித்து அந்தச் சொல்லைக் காட்டினேன். எழுத்துத் தெரியாதவளுக்குக் காட்டி என்ன பயன்? இருந்தும் காட்டினேன். இது பெயர் இல்லை, கூப்பாடு இல்லை, படிக்கிறவன் கொஞ்சம் நிற்க வேண்டும் என்பதற்காகப் போட்டது என்றேன்.

"நிக்கிறதுக்கா?"

"ஆமாம் அக்கா."

"நிக்கிறதுக்குப் போட்டதக் கேட்டுத்தேன் நான் போகப் பாத்தேனா" என்றாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. எனக்கும் மனசு லேசாயிற்று. விளக்கிவிட்டோம், முடிந்தது என்று புத்தகத்தை மூடினேன்.

அவள் பருத்தியைக் கீழே வைத்தாள்.

"காலையில படிச்சது நீங்க. சரி. மூணு தரம் கேட்டதுனால அவுகளேதேன்னு நெனச்சுப்புட்டேன். சாயங்காலம் கூப்புடுறது ஆரு?"

சாயங்காலம் நான் படிப்பதில்லை.

"இப்ப இல்ல, மூணு வருசமாக் கூப்புடுது. விளக்கு வைக்கிற நேரத்துல. ரெண்டு தரம். அதோட நின்டுரும். அது அவுக இல்ல, வேற எதுவோன்னு தெரிஞ்சு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். ஒரு நாளும் பதில் சொன்னதில்ல." அவள் குரல் தணிந்தது. "இப்ப, காலையில வாரேன் வாரேன்னு சொல்லிப் பழகிப்போச்சு வாத்தியாரய்யா. நேத்துச் சாயங்காலம் ரெண்டாந்தரத்துக்கே வாய் தொறந்துருச்சு. பல்லக் கடிச்சு நிப்பாட்டுனேன்."

மாயாண்டி என்னைப் பார்த்தார்.

கிணற்றில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த உருளை காற்றில் கிறீச்சிடுகிறது, அதுதான் அப்படிக் கேட்கிறது என்றேன். படித்தவன் வேறு என்ன சொல்வான்? மாயாண்டி உடனே அரிவாளோடு போய்க் கயிற்றை அறுத்து, உருளையைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டார். மறுநாள் சாயங்காலமும் அவளுக்குக் கேட்டது. முந்தியைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். எனக்குக் கேட்கவில்லை.

அந்த வேளைக்கு ஒரு சங்கீதம்

மறுநாளிலிருந்து காலையில் சேலாவை விட்டுவிட்டேன். வாழ்நாளில் முதன்முதலாக வேதத்தில் ஒரு சொல்லைத் தாண்டிப் போனேன். இடி விழவில்லை. ஆபிரகாம் சிரிப்பது மட்டும் கேட்டது போல இருந்தது.

சாயங்காலத்துக்கு வேறு ஏற்பாடு. நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதம் இருப்பதிலேயே நீளமானது. உரக்கப் படித்தால் கிட்டத்தட்ட அரை மணி பிடிக்கும். விளக்கு வைக்கிறதிலிருந்து இருட்டு நிறைகிறவரை சரியாக இருக்கும். அதில் சேலா ஓரிடத்திலும் இல்லை. கிணற்றுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்து, தொண்டை கிழியப் படித்தேன். மூச்சு வாங்குகிற இடங்களைக்கூடக் குறைத்துக்கொண்டேன். அந்தச் சங்கீதம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறது: உம்முடைய வார்த்தையை விடமாட்டேன், விடமாட்டேன். படித்த காலத்தில் சலிப்பாக இருந்தது அது. இப்போது சலிப்புக்கு நேரமில்லை.

முதல் நாள் முடிந்ததும் கேட்டேன்: "கேட்டதா அக்கா?"

"ஒங்க சத்தத்துல ஒண்ணுங் கேக்கல."

அவள் கிறிஸ்தவளாகவில்லை, நானும் கேட்கவில்லை. மாயாண்டி சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். "என்னய்யா, சொன்னதையே சொல்றாரு அந்தாளு" என்பார். "விடாமச் சொல்றாரு அண்ணே" என்பேன்.

காய்ச்சல் வந்த நாளிலும் படித்தேன். மதுரையில் ஆசிரியர் கூட்டம் என்று கடிதம் வந்தது, போகவில்லை. அதற்கு விளக்கம் கேட்டு இன்னொரு கடிதம் வந்தது. விசுவாசத்தில் நிலைத்திருப்பது என்றால் என்னவோ பெரிய வீரம் என்று நினைத்திருந்தேன். ஒரு குறிப்பிட்ட கல்லில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஒரு பெண்ணின் வாய் திறக்காமல் இருக்க உட்கார்ந்திருப்பதுதான் என் பங்குக்கு வந்தது.

பங்குனி முடியப்போகிற ஒரு சாயங்காலம். காற்றே இல்லை. பனையோலைகூட அசையவில்லை. பாதிச் சங்கீதத்தைத் தாண்டியிருப்பேன்.

"மொட்டு."

கிணற்றுப் பக்கமிருந்து வந்தது.

பிறந்தபோது நான் கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தேனாம். அதனால் அம்மா எனக்கு வைத்த பெயர் அது. ஏழு வயதில் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு அப்பாகூட அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஆபிரகாமுக்குத் தெரியாது. இந்த ஊரில் யாருக்கும் தெரிய வழியில்லை.

அம்மா எப்படிச் சொல்வாளோ அப்படியே இருந்தது. சாப்பிடக் கூப்பிடுகிற குரல்.

நான் அடுத்த வசனத்துக்குப் போனேன்.

"மொட்டு."

நின்றுவிட்டேன். புத்தகம் மடியில் கிடந்தது. எழுத்து எல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. நாக்கின் நுனிக்கு ஒரு சொல் வந்து நின்றது. என்ன சொல் என்று எனக்குத் தெரியும். சொன்னால் எவ்வளவு சுகமாக இருக்கும் என்றும் தெரிந்தது. மூன்று வருஷம் அவள் எதைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

முற்றத்திலிருந்து செல்லாயி எழுந்து வந்தாள். கிணற்றுக்கு அவ்வளவு கிட்டத்தில் அவள் வந்தது அந்த மாசிக் காலைக்குப் பிறகு அன்றைக்குத்தான். கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒங்களயா கூப்புட்டுச்சு?"

தலையை ஆட்டினேன்.

"எத்தன தரம்?"

இரண்டு விரலைக் காட்டினேன்.

"படிங்க" என்றாள். "நிப்பாட்டாதீக."

"எங்கே விட்டேன் என்று தெரியவில்லை."

"எங்கிட்டாச்சும் படிங்க. நானும் கூடச் சொல்றேன்."

கண்ணில் பட்ட வரியைப் படித்தேன். அவள் அதையே திருப்பிச் சொன்னாள், பாதிச் சொற்கள் தப்பாக, ஆனால் கணீரென்று. அடுத்த வரி. அவளும் அடுத்த வரி. எனக்கு மூச்சு முட்டிய இடத்தில் அவள் குரல் இருந்தது. அவள் தடுமாறிய இடத்தில் என் குரல் இருந்தது. புத்தகத்தில் எழுத்துத் தெரியாதபடி இருட்டிய பிறகு, மனப்பாடமாக வந்ததைச் சொன்னேன். அவள் விடாமல் சொன்னாள். வீட்டு வாசலில் மாயாண்டி விளக்கை ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது தரம் கூப்பிட்டதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் இரண்டு குரலுக்கு மேலே ஒன்றும் கேட்கவில்லை.